முதல் தூண்டில் கோல்

புனே நகரில் கட்கி என்ற பகுதி உண்டு. அங்கே தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. மாமாவும் அங்கேதான் இருக்கிறார். அவருக்குச் சொந்த ஊர் புதுக்கோட்டை. 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போது இரவு வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றார். பிறகு பிழைப்புக்காகப் புனே வந்தார்.

இப்போது அவருடைய மருமகனும் புனேயில் வேலை பார்க்கிறான். ஊரில் அவன் கண்மாய்க் கரையில் மூங்கில் கம்பால் மீன் பிடித்தவன். இங்கே ரீல் வைத்த தூண்டில் கோல் வாங்க ஆசைப்பட்டான். நான்கு மாதம் சேர்த்து வைத்தான். கையில் 3,000 ரூபாய் இருந்தது.

“கடையில் பெரிய கோல் ஒன்று பார்த்தேன் மாமா. நல்ல பளபளப்பு. அதையே வாங்கட்டுமா?” என்று கேட்டான்.

“கோலில் என்ன எழுதியிருந்தது மாப்பிள்ளை?”

“அதைப் பார்க்கவில்லையே!”

“எழுத்தைப் படி. பிறகு காசைக் கொடு. வா, நானும் வருகிறேன்” என்றார் மாமா.

எந்த மீன்?

“முதலில் எந்த மீனைப் பிடிக்கப் போகிறாய் என்று முடிவு செய்” என்றார் மாமா. “இந்தப் பக்கத்து அணைகளில் கெண்டை வகை மீன்கள் உண்டு. கட்லாவின் வாய் மேல் நோக்கி இருக்கும். அது பெரும்பாலும் மேல் நீரில் மேயும். ரோகு நடு நீரில் மேயும். மிர்கால் அடியில் மேயும். சாதா கெண்டையும் அடியில்தான் மேயும். அதை இங்கே சிப்ரினஸ் என்பார்கள்.”

சாதா கெண்டை வெளிநாட்டு மீன். அதில் ஒரு வகை 1939-ல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டு வரப்பட்டது. 1957-ல் பாங்காக்கிலிருந்து வேறொரு வகை வந்தது. இப்போது நாடு முழுவதும் இருக்கிறது.

“நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு கிலோ, இரண்டு கிலோ மீன். சில நேரம் ஐந்து கிலோ மீனும் மாட்டும். அதற்குத் தகுந்த கோல் போதும்” என்றார் மாமா.

கடையில்

“மராத்தியில் தூண்டில் முள்ளைக் கள் என்பார்கள். கடைக்காரர் கள் வேண்டுமா என்று கேட்டால் பயப்படாதே. அது நம் ஊர்க் கள் இல்லை” என்று சொல்லிச் சிரித்தார் மாமா.

கடைக்காரர் கோல்களை எடுத்து வைத்தார். கைப்பிடிக்கு மேலே எண்கள் இருந்தன. மருமகன் ஒரு கோலைப் படித்தான். 2.70 எம் என்று இருந்தது.

“எம் என்றால் மீட்டர். இது ஏறக்குறைய 9 அடி” என்றார் மாமா. “ஐரோப்பாவில் கெண்டை பிடிப்பவர்கள் 12 அடிக் கோல் வைத்திருப்பார்கள். வெகு தூரம் எறிவதற்கு அது உதவும். புதிதாகப் பழகும் உனக்கு 9 அடி போதும். இது இரண்டு துண்டாகப் பிரியும். ஒவ்வொரு துண்டும் நாலரை அடி. பஸ்ஸில் கொண்டு போகலாம்.”

அடுத்து 30–60 ஜி என்று இருந்தது. ஜி என்றால் கிராம். இந்தக் கோலால் 30 முதல் 60 கிராம் எடை வரை எறியலாம். ஈயக்குண்டு 40 கிராம், இரை 15 கிராம் என்றால் மொத்தம் 55 கிராம். இது சரி. 100 கிராம் கட்டி வீசினால் கோல் ஒடியலாம்.

சில கெண்டைக் கோல்களில் 2.75 எல்.பி. என்று எழுதியிருக்கும். எல்.பி. என்றால் பவுண்டு. கோலின் நுனி செங்கோணமாக வளைவதற்கு அவ்வளவு இழுவை வேண்டும் என்பது அதன் பொருள். எண் கூடினால் கோல் விறைப்பு என்று அறியலாம்.

“கார்பன் கோல் வாங்கலாமா மாமா?”

“கார்பன் கோல் எடை குறைவு. ஆனால் கல்லில் அடிபட்டால் விரிசல் விடும். கண்ணாடி இழைக் கோல் கொஞ்சம் கனம். விலை குறைவு. அடி தாங்கும். முதல் கோலுக்கு அது நல்லது.”

மாமா சட்டைப் பையிலிருந்து கொஞ்சம் பஞ்சு எடுத்தார். கோலின் ஒவ்வொரு வளையத்திலும் அதை நுழைத்து இழுத்தார். ஒரு வளையத்தில் பஞ்சு சிக்கியது. “இந்த வளையத்தில் பிசிர் இருக்கிறது. இது தங்கூசியை அறுத்துவிடும்” என்றார். கடைக்காரர் வேறு கோல் கொடுத்தார். அதில் பஞ்சு சிக்கவில்லை.

ரீல்

ரீலில் 4000 என்று இருந்தது. “இது விலையா?” என்று பயந்தான் மருமகன். “இல்லை. இது ரீலின் அளவு எண். ஒன்பது அடிக் கோலுக்கு இந்த அளவு பொருந்தும்” என்றார் மாமா.

நூல் சுற்றும் உருளையில் 0.30/200 என்று இருந்தது. 0.30 மில்லி மீட்டர் தடிமன் உள்ள தங்கூசியை 200 மீட்டர் சுற்றலாம் என்று பொருள். 5.2:1 என்றும் இருந்தது. கைப்பிடியை ஒரு முறை சுற்றினால் ரீல் தங்கூசியை ஐந்து முறைக்கு மேல் சுற்றிக் கொள்ளும்.

ரீலில் பிரேக் முக்கியம். மீன் வேகமாக இழுத்தால் பிரேக் வழுக்கித் தங்கூசியை விட வேண்டும். விடாவிட்டால் தங்கூசி அறும். மாமா பிரேக் திருகைத் தளர்த்தியும் இறுக்கியும் இழுத்துப் பார்த்தார். உதறாமல் சீராக வந்தது. கைப்பிடியைச் சுற்றினார். கரகர சத்தம் இல்லை.

தங்கூசி

கடைக்காரர் 30 பவுண்டு தாங்கும் தங்கூசியைக் காட்டினார். “இது அறவே அறாது” என்றார்.

மாமா கோலை மருமகனிடம் கொடுத்தார். “இன்னும் ஒரு வரி இருக்கிறது. படி.”

மருமகன் படித்தான். 8–15 எல்.பி. என்று இருந்தது.

“இந்தக் கோலுக்கு 8 முதல் 15 பவுண்டு வரை தாங்கும் தங்கூசிதான் பொருத்தம். பாறையில் முள் மாட்டினால் ஏதாவது ஒன்று போகும். தங்கூசி போனால் சில ரூபாய். கோல் போனால் உன் நான்கு மாதச் சேமிப்பு. அதனால் கோலைவிடத் தங்கூசி மெலிவாக இருக்க வேண்டும்” என்றார் மாமா.

அவர்கள் 12 பவுண்டுத் தங்கூசி வாங்கினார்கள். ஒரு பவுண்டு ஏறக்குறைய 450 கிராம். 12 பவுண்டு என்றால் சுமார் ஐந்தரைக் கிலோ.

மருமகன் கணக்கு எழுதினான். கோல் 1,100 ரூபாய். ரீல் 1,250 ரூபாய். தங்கூசி 250 ரூபாய். முள், ஈயக்குண்டு, தக்கை 100 ரூபாய். மொத்தம் 2,700 ரூபாய். மீதி 300 ரூபாய். முதலில் பார்த்த பளபளப்பான கோல் மட்டுமே 2,800 ரூபாய்!

வீட்டில்

வீட்டில் மாமா ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தங்கூசியில் கட்டினார். ரீலைக் கையில் பிடித்து நேராகத் தூக்கினார். பாட்டில் மெல்லக் கீழே இறங்கும்படி பிரேக்கைத் திருகினார். ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஒன்றரைக் கிலோ. அது தங்கூசி தாங்கும் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இப்படி வைத்தால் மீன் இழுக்கும்போது தங்கூசி அறாது.

பிறகு மாமா சொன்னார்: “அணைகளில் மீன்பிடி உரிமை கூட்டுறவுச் சங்கத்திடமோ குத்தகைக்காரரிடமோ இருக்கும். கேட்டு அனுமதி பெற்றுக்கொள். கரையில் உள்ள பலகையைப் படி. மின்கம்பிக்குக் கீழே கோலை நிமிர்த்தாதே. கார்பனில் மின்சாரம் பாயும். ஈரமான கோல் எதுவானாலும் ஆபத்துதான். மழைக்காலத்தில் கடக்வாஸ்லா அணை திறந்தால் முத்தா ஆற்றில் நீர் ஏறும். அப்போது ஆற்றங்கரைக்குப் போகாதே. கட்லா, ரோகு, மிர்கால் முட்டையிடுவதும் மழைக்காலத்தில்தான். சினை மீன் மாட்டினால் திரும்ப விட்டுவிடு.”

மருமகன் கோலைத் துடைத்து உறையில் வைத்தான். “ஞாயிற்றுக்கிழமை நீங்களும் வாருங்கள் மாமா” என்றான்.

நினைவில் வையுங்கள்

கோல், ரீல், தங்கூசி மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும்.
பளபளப்பைப் பார்க்காதீர்கள். எழுதியிருப்பதைப் படியுங்கள்.

பயிற்சி

1. ஒரு கோலில் 20–50 ஜி என்று இருக்கிறது. அதில் 60 கிராம் ஈயக்குண்டு கட்டலாமா?
2. 10 பவுண்டு என்பது ஏறக்குறைய எத்தனை கிலோ?
3. மாமா வளையத்தில் பஞ்சை நுழைத்தது ஏன்?
4. உங்கள் வீட்டில் உள்ள ஏதாவது ஒரு கருவியை எடுங்கள். அதில் எழுதியிருக்கும் எண்களைப் படித்து, அவற்றின் பொருளை எழுதுங்கள்.