இழுக்காத வண்டிக்குப் பெரிய இன்ஜின் மருந்தல்ல

வேதாரண்யம் வட்டாரத்தில் பழைய பிக்கப் வைத்திருப்பவர்களிடம் ஒரு பேச்சு ஓயாமல் சுற்றுகிறது. வண்டி இழுக்கவில்லையா, பழைய இன்ஜினை இறக்கிவிட்டு டாடா 207 இன்ஜினையோ 407 இன்ஜினையோ தூக்கி வை. உப்பு லோடோடு பறக்கும், டீசலும் மிச்சமாகும் என்கிறார்கள். 2112 சி.சி. பெஜோ இன்ஜினோடு பிறந்த மஹிந்திரா வண்டியில் 2956 சி.சி. டாடா இன்ஜினைப் பொருத்த இன்ஜின் பெட்டை வெட்டி, புதிதாக பிராக்கெட் வெல்டிங் வைத்து, ரேடியேட்டரை நகர்த்தி, கடன் வாங்கிக் கொட்டுகிறார்கள். இது தவறு. செலவு பிடிக்கும் தவறு. கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரமே உள்ள ஒரு சமவெளியில் ஓடும் வண்டிக்கு இந்த யோசனையைச் சொல்கிறவர்கள், அந்த வண்டிக்கு எவ்வளவு சக்தி தேவை என்று ஒருமுறையாவது கணக்குப் போட்டிருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள்.

அந்தக் கணக்கு கடினமானதல்ல. வண்டியின் சொந்த எடை 1,500 கிலோ, லோடு 1,200 கிலோ, ஆக 2,700 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சமமான தார்ச்சாலையில் டயர் உருள்வதற்கான தடை மொத்த எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றரை. அதாவது 40 கிலோ விசை. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் காற்றைத் தள்ளிக்கொண்டு போக இன்னொரு 30 கிலோ. இந்த 70 கிலோ விசையை அந்த வேகத்தில் விடாமல் தருவதற்கு வேண்டியது 16 குதிரைத்திறன். கியர்பாக்ஸிலும் ஆக்சில் ஹவுசிங்கிலும் வீணாவதைச் சேர்த்தாலும் 20-ஐத் தாண்டாது. நல்ல நிலையிலுள்ள, பெஜோ போன்ற பழைய ஜீப் இன்ஜின் 50-க்கு மேல் தரும். 2005-இல் டாடா ஏஸ் சந்தைக்கு வந்தபோது அதில் இருந்தது 702 சி.சி., இரண்டு சிலிண்டர், வெறும் 16 குதிரைத்திறன். முக்கால் டன் லோடுக்கென்று செய்யப்பட்ட அந்தச் சிறு வண்டி நாடு முழுக்க ஓடிக் காட்டிவிட்டது.

பாலம் ஏற வேண்டுமே என்பார்கள். ரயில்வே மேம்பாலத்தை விட்டால் இந்தப் பக்கம் ஏற்றமென்று சொல்ல அதிகமில்லை. இருந்தாலும் அதையும் பார்ப்போம். 20 அடிக்கு ஓர் அடி உயரும் சரிவில் அதே 2,700 கிலோ வண்டிக்குக் கூடுதலாக 135 கிலோ விசை வேண்டும். வேகத்தை 30 கி.மீ.க்குக் குறைத்தால் சக்கரத்தில் மொத்தத் தேவை அப்போதும் 20 குதிரைத்திறன்தான். சக்தி இருக்கிறது, அதை வேகமாக மாற்றாமல் இழுவையாக மாற்றித் தர வேண்டும், அவ்வளவே. அது கியரின் வேலை. பழைய ஜீப் வகை ஹவுசிங்கில் கிரவுனில் 43 பல்லும் பினியனில் 8 பல்லும் இருந்தால் விகிதம் 5.38, கிரவுனில் 39 பல்லும் பினியனில் 8 பல்லும் இருந்தால் 4.88. இரண்டாவதை எடுத்துவிட்டு முதலாவதைப் போட்டால், இன்ஜினில் ஒரு போல்ட்டைக்கூடத் தொடாமல் எல்லா கியரிலும் இழுவை நூற்றுக்குப் பத்து கூடுகிறது. இதைச் சொல்லாமல் இன்ஜினை இறக்கச் சொல்கிறவர் உங்கள் பணத்தோடு விளையாடுகிறார்.

பெரிய இன்ஜினை வைத்த பிறகு நடப்பதையும் சொல்ல வேண்டும். லாரிக்கென்று செய்த டீசல் இன்ஜின் நிமிடத்துக்கு 2,800 சுற்று அளவிலேயே முழுத் திறனையும் தந்துவிடும். அதற்கு மேல் கவர்னர் விடாது. பழைய ஜீப் இன்ஜின் அதைவிட அதிகமாகச் சுற்றும் வகை. பிக்கப் டயரின் சுற்றளவு 2.3 மீட்டர் என்றால், 5.38 ஹவுசிங்கில் டாப் கியரில் 60 கி.மீ. வேகத்துக்கே 2,340 சுற்று வேண்டும், 72 கி.மீ.யில் 2,800-ஐ எட்டி வேகம் அத்தோடு நின்றுவிடும். பறக்கும் என்று சொல்லிப் போட்ட இன்ஜின் கதறிக்கொண்டு ஓடும். அப்புறம் ஹவுசிங்கை மாற்று, ஐந்து கியர் பாக்ஸ் தேடு என்று இரண்டாவது செலவு தொடங்கும். கூடுதல் முறுக்குவிசையைத் தாங்குவதற்கென்று செய்யப்படாத கிளட்ச் பிளேட், கிராஸ் ஜாயின்ட், ஆக்சில் ஷாஃப்ட் எல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்கும். முன்பக்கம் கூடிய எடை ஸ்டியரிங்கையும் முன் ஸ்பிரிங்கையும் அழுத்தும். டீசல் மிச்சம் என்பதும் இல்லை. 20 குதிரைத்திறன் போதுமான வேலைக்குப் பெரிய இன்ஜினைச் சுழற்றினால், அதன் பெரிய பிஸ்டனும் பேரிங்கும் தேய்ந்துகொள்வதற்கே கூடுதல் டீசல் எரிகிறது.

சட்டம் வேறு இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்.சி. புத்தகத்திலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று வைத்திருக்கிறது. எட்டு வயதைத் தாண்டிய சரக்கு வண்டி ஆண்டுதோறும் தகுதிச் சான்றுக்கு (எஃப்.சி.) நிற்க வேண்டும். ஒவ்வொரு முறையும் இன்ஜின் நம்பரைப் பார்ப்பார்கள். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் அதைத்தான் முதலில் பார்க்கும்.

ஆனாலும் மாற்றிய வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது என்ற வாதம் வரும். ஓடும். தேய்ந்துபோன இன்ஜினை எடுத்துவிட்டுத் தேறிய இன்ஜினை வைத்தால் எந்த வண்டியும் ஓடும், அதில் சி.சி.க்குப் பங்கு குறைவு. டீசல் இன்ஜினில் கம்ப்ரஷன் பொதுவாக 25 முதல் 30 பார் இருக்க வேண்டும். அது 20-க்குக் கீழே இறங்கிய இன்ஜினுக்கு ஸ்லீவ், பிஸ்டன், ரிங் மாற்றி, பம்பையும் நாசிலையும் காலிபரேஷன் செய்தால் அதே இழுவை அதே வண்டியில் திரும்பி வரும். அதற்கும் முன்னால் நான்கு சக்கரத்தையும் ஜாக்கி வைத்துத் தூக்கி, கையால் சுற்றிப் பாருங்கள். உப்பு லோடு அடிக்கும் வண்டிகளில் வீல் சிலிண்டர் துருப்பிடித்து, பிரேக் ஷூ டிரம்மை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது சகஜம். பிரேக் பிடித்தபடி ஓடும் வண்டிக்கு இன்ஜின் மாற்றச் சொல்வதை மன்னிக்க முடியாது. பழைய இன்ஜினுக்கு ஸ்பேர் கிடைப்பதில்லை என்பது மட்டும் நியாயமான எதிர்வாதம். அதற்கு வழி, அதே தயாரிப்பு, அதே வகை இன்ஜினை ஆர்.டி.ஓ. அனுமதியோடு மாற்றி, புது நம்பரை ஆர்.சி.யில் ஏற்றுவது.

கியரை எப்படித் தேர்வது என்பது லோடைப் பொறுத்தது. அகஸ்தியம்பள்ளியிலும் கோடியக்காட்டிலும் உப்பளத்து மண்பாதையில் முதல், இரண்டாம் கியரிலேயே பாதி நாள் போகும் வண்டிக்கு 5.38 பொருத்தம். உப்பு கன மீட்டருக்கு ஒரு டன்னைத் தாண்டும் சரக்கு. எட்டடி நீளம், ஐந்தரையடி அகலப் பாடியில் ஓரடி உயரம் பரப்பினாலே ஒன்றேகால் டன்னை எட்டிவிடும். அதற்கு மேல் குவித்துவிட்டு வண்டி இழுக்கவில்லை என்று குறை சொல்வது முறையல்ல. ஆயக்காரன்புலத்திலிருந்தோ கருப்பம்புலத்திலிருந்தோ முல்லைப் பூவை ஏற்றிக்கொண்டு விடியுமுன் சந்தைக்குப் போகிற வண்டிக்கு நேர்மாறான தேவை. எடை இல்லை, வேகம் வேண்டும், 4.88 அல்லது 4.27 ஹவுசிங், முடிந்தால் ஐந்தாவது கியர். நான்கு சக்கர டிரைவ் வண்டியானால் முன்னும் பின்னும் ஒரே விகிதம் இருந்தாக வேண்டும். பின்னால் மட்டும் மாற்றினால் டிரான்ஸ்பர் கேஸ் முறுக்கிக்கொண்டு உடையும்.

மற்ற நம்பிக்கைகளுக்கு ஒரு வரி போதும். பெரிய டயர் மைலேஜ் தராது. கிடைக்கிற இழுவையையும் குறைத்து, கிலோமீட்டர் கணக்கையும் தவறாகக் காட்டும். பம்ப் ஸ்க்ரூவை ஏற்றி வைப்பது எரியாத டீசலைக் கரும்புகையாக வெளியே விடுவதுதான். மண்ணெண்ணெய் கலந்தால் பம்ப் போகும், ஏனென்றால் அந்தப் பம்புக்கு டீசலே ஆயில். நியூட்ரலில் உருட்டுவதில் மிச்சம் கிடையாது. கியரில் காலை எடுத்தால் கவர்னரே டீசலை நிறுத்திவிடும்.

இந்த ஊர் பிக்கப்புகளைக் கொல்வது இன்ஜின் அல்ல, சேஸிஸ் துரு. காற்றில் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானாக நீர்விடும். உப்பளத்து உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு அதற்கு மிகக் கீழேயே ஈரத்தை இழுக்கும். கடலோர இரவுகளில் வண்டி சும்மா நிற்கும்போதும் இரும்பு அரித்துக்கொண்டே இருக்கிறது. இன்ஜினுக்குப் பணம் எண்ணுமுன் ஸ்பிரிங் ஹேங்கர் அருகே சேஸிஸைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். அது உதிர்ந்தால் அந்த வண்டிக்கு எந்த இன்ஜினும் வீண். உப்பளங்களிலிருந்து வண்டிகள் தார்ச்சாலைக்கு ஏறும் இடத்தில் அடிப்பாகம் கழுவ ஒரு சரிவு மேடையும் பிரஷர் பம்பும் வேண்டும். குடிநீருக்கே கொள்ளிடத்தை எதிர்பார்த்திருக்கும் ஊரில் இதற்கு நல்ல தண்ணீர் ஏது என்று கேட்பார்கள். குடிநீர் வேண்டியதில்லை, ஐப்பசி, கார்த்திகை மழையைத் தேக்கும் ஒரு தனிக் குட்டை போதும். உப்பு உற்பத்தியாளர்களும் நகராட்சியும் சேர்ந்து இதை அடுத்த மழைக்கு முன்னால் வெட்ட வேண்டும்.