கிரிவலம் போகிறவரின் பெருவிரல்

கால் பெருவிரலின் அடியில், உள்பக்கமாக ஒரு முண்டு. விரல் நுனியோ அடுத்த விரல்மேல் சாய்ந்திருக்கிறது. இதைக் கால் ஆணி என்று நினைத்து பிளேடால் சீவுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். துருத்தி நிற்பது உங்கள் எலும்பேதான். பெருவிரலுக்குப் பின்னால் உள்ள நீள எலும்பு மற்ற காலை நோக்கி விலக, விரல் எதிர்ப்பக்கம் சாய்கிறது. எலும்பு மருத்துவர்கள் இதை ஹாலக்ஸ் வால்கஸ் என்பார்கள். குடும்பவழியாக வரும், பெண்களுக்கு அதிகம், முனை குறுகிய செருப்பு வலியைக் கூட்டும்.

முதலில் செருப்பைச் சோதியுங்கள். மாலையில் ஒரு தாளின்மேல் நின்று பாதத்தைச் சுற்றிக் கோடு வரைந்து, அதன்மேல் செருப்பை வையுங்கள். கோடு வெளியே தெரிந்தால் அது உங்களுக்கான செருப்பல்ல. வார் முண்டின்மேல் விழவும் கூடாது. மெட்டி போட்டிருப்பவர்கள், சாய்ந்த பெருவிரல் அதில் உரசிப் புண்ணாகிறதா என்று பாருங்கள். உரசினால் கழற்றி வைக்கலாம்.

அடுத்து, அண்ணாமலையைச் சுற்றிவரும் கிரிவலம். 14 கிலோமீட்டரையும் வெறுங்காலோடு சுற்றுவதே வழக்கம். வெறுங்காலில் முண்டை அழுத்த எதுவுமில்லை என்பது உண்மை. ஆனால் பெருவிரல் தாங்க வேண்டிய எடை இரண்டாம் விரலின் அடிக்கு மாறி, தார்ச்சாலையில் போகப்போக அங்கே எரியும். வெயிலுக்கு முன்பே கிளம்புங்கள். விரலிடுக்கில் சிலிக்கோன் திண்டு வைத்துப் பருத்திக் காலுறை போட்டுக்கொள்ளலாம். ரமணாசிரமத்திலிருந்து கிளம்புகிறவர்கள் எமலிங்கத்திலேயே ஒருமுறை உட்கார்ந்து பாதத்தைப் பாருங்கள். பிறகு பாதையில் வரும் ஒவ்வொரு லிங்கத்திலும். திரும்பியதும் துணியில் சுற்றிய ஐஸை 10 நிமிடம் வைத்து, காலை உயர்த்திப் படுங்கள்.

சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்கு வெறுங்கால் நடையும் வேண்டாம், ஐஸும் வேண்டாம். ஆட்டோவில் சுற்றி வாருங்கள். அண்ணாமலையார் கோபிக்க மாட்டார்.

தினமும் பெருவிரலைக் கையால் மெல்ல நேராக்கிப் பிடியுங்கள், விரல்களை விரித்து மூடுங்கள். மூட்டு இறுகாமல் இருக்க இது உதவும். ஆனால் எந்தப் பயிற்சியும், இரவில் கட்டும் பட்டையும், விலகிய எலும்பைப் பழைய இடத்துக்குக் கொண்டுவராது. அப்படிச் சொல்லி விற்பதை நம்பாதீர்கள்.

திடீரென்று மூட்டு சிவந்து, சுட்டு, போர்வை பட்டாலே உயிர் போகிறதென்றால் யூரிக் அமில வாதமாக இருக்கலாம். சீழ் பிடித்தாலும் அப்படித்தான் சிவக்கும். உடனே மருத்துவரிடம் போங்கள். அகலச் செருப்பு போட்டும் அன்றாட நடைக்கே வலித்தால் எலும்பு மருத்துவர் நின்றநிலையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார். எலும்பை வெட்டி நேராக்கும் அறுவைசிகிச்சை உண்டு. வலிக்காகச் செய்யுங்கள், அழகுக்காக வேண்டாம்: வீக்கம் வடியவே மாதங்கள் ஆகும், அதுவரை கிரிவலத்தைத் தள்ளிப் போட வேண்டியிருக்கும்.