மழை மாதத்தில் வான்நோக்கு இரவு: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதிக்கு ஒரு வழிகாட்டி

ஐப்பசி பிறந்தால் எங்கள் பக்கத்தில் வான்நோக்கு நிகழ்ச்சிகளைத் தை மாதத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். பார்க்கத் தகுந்த வானம் வருவதோ இந்த மாதங்களில்தான். கார்த்திகை, ரோகிணி, திருவாதிரை மூன்றும் கிழக்கே எழும். டிசம்பர் 13, 14 தேதிகளில் ஜெமினிட்ஸ் எரிகல் பொழிவு உச்சத்தில் இருக்கும். மழை விட்டதும் தூசி அடங்கி வானம் பளிச்சென்று துலங்கும். ரத்து செய்யாதீர்கள்; மேகம் விலகும் பத்து நிமிடத்துக்குத் தயாராக இருங்கள்.

1. தேதி

வளர்பிறை சப்தமி, அஷ்டமியை ஒட்டி வையுங்கள். மெல்லிய மேகத்தின் ஊடேயும் நிலவு தெரியும். அரை நிலவில் ஒளியும் நிழலும் சந்திக்கும் கோட்டோரம் பள்ளங்கள் எடுப்பாகத் தெரியும். விண்முகில், விண்மீன் கூட்டங்களுக்கான அமாவாசை இரவைத் தை, மாசிக்கு வைத்துக்கொள்ளலாம்.

2. இடம்

மேற்கே மலை அடிவானத்தை மறைக்கும்; மேகமும் அங்கேதான் திரளும். கிழக்கும் தெற்கும் திறந்த பள்ளி மைதானம் நல்லது. பக்கத்திலேயே ஓடிப் புகுந்துகொள்ள வகுப்பறையோ தாழ்வாரமோ வேண்டும். அருவிப் பக்கமும் மலையடிவாரத் தோப்பும் வேண்டாம். அது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தை ஒட்டிய பகுதி. யானை நடமாட்டம் உண்டு.

3. மதியம் மூன்று மணி முடிவு

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் செயற்கைக்கோள் படத்தையும் திருவனந்தபுரம் ரேடார் படத்தையும் பாருங்கள். மேகம் எந்தத் திசைக்கு நகர்கிறது என்பதே முக்கியம். மழை எச்சரிக்கை இருந்தால் கூட்டத்தை அறைக்குள் தொடங்குங்கள். "மழை பெய்தாலும் நிகழ்ச்சி உண்டு" என்று அழைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

4. வெளிச்சத்திலேயே கருவியைச் சரிசெய்யுங்கள்

மேகம் விலகும் நேரத்தில் பைண்டரோடு (தொலைநோக்கியின் மேலுள்ள சிறு குறிநோக்கி) மல்லுக்கட்ட முடியாது. மாலை ஐந்துக்கு, சூரியன் இருக்கும் திசையை விட்டு, தொலைவில் உள்ள ஒரு பொருளைக் குறிவையுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் கோபுரக் கலசத்தைவிடச் சிறந்த குறி இல்லை. கலசம் தொலைநோக்கியின் நடுவில் வந்ததும், அதே கலசம் பைண்டரின் குறுக்குக்கோட்டில் விழும்வரை அதன் திருகுகளைத் திருப்புங்கள். கோபுரம் தலைகீழாகத் தெரிவதைக் குழந்தைகள் பார்த்துக்கொண்டால், இரவில் நிலவு தலைகீழாகத் தெரியும்போது குழம்ப மாட்டார்கள்.

துருவ நட்சத்திரத்தை நம்பி நிறுத்தும் தாங்கி இங்கே மழை நாளில் உதவாது. நாம் இருப்பது ஏறத்தாழ 9.5 பாகை வட அட்சம். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அந்த ஒரு முஷ்டி உயரத்தில்தான் துருவம் இருக்கும். அடிவான மேகம் அதை எளிதில் மறைத்துவிடும். கையால் தள்ளித் திருப்பும் டாப்சோனியன் தொலைநோக்கியே வசதி.

5. மேகம் விலகும்போது

- ஒரு தொலைநோக்கிக்கு ஒரே இலக்கு. முதலில் நிலவு, அடுத்து அன்று மாலை தெரியும் கோள்.
- ஆளுக்கு இருபது விநாடி, குழந்தைகள் முன்வரிசையில்.
- வரிசையில் நிற்பவர்களுக்கு 7×50 பைனாகுலர் கொடுத்துக் கார்த்திகைக் கூட்டத்தைக் காட்டுங்கள்.
- டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றுங்கள். ஈரத்தரையில் மின்வயர் இழுக்காதீர்கள்.

6. இடி கேட்டால்

மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் இடி கேட்டால் எல்லோரும் கட்டடத்துக்குள் போக வேண்டும். தொலைநோக்கியைத் தார்ப்பாயால் மூடிவிட்டு வாருங்கள்; எடுத்துவர நேரம் கடத்தாதீர்கள். கடைசி இடிக்குப் பின் முப்பது நிமிடம் கழித்தே வெளியே வரலாம்.

7. வானம் திறக்கவே இல்லையென்றால்

1769 ஜூனில் சூரியனை வெள்ளி கடப்பதைக் காணப் பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்தீல் புதுச்சேரியில் ஓராண்டுக்கு மேல் காத்திருந்தார். அன்று காலை மேகம் மூடிக்கொண்டது. ஆனால் அங்கிருந்த நாட்களில் தமிழர்கள் கிரகணத்தைக் கணிக்கும் முறையைக் கற்று, அதை ஐரோப்பாவுக்கு எழுதிச் சொன்னார். உங்கள் அறையிலும் பஞ்சாங்கத்தைப் பிரியுங்கள். அன்றைய நட்சத்திரம் எது, நிலவு வானில் எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று பிள்ளைகளையே ஸ்டெல்லேரியம் என்ற வான்வரைபடச் செயலியில் தேடச் சொல்லுங்கள். ஆண்டாளின் திருப்பாவையையும் எடுங்கள்: நான்காம் பாசுரத்தில் மேகம் கடல்நீரை மொண்டு மழையாகிறது, பதின்மூன்றாம் பாசுரத்தில் வெள்ளி எழுகிறது, வியாழன் மறைகிறது. இரண்டும் இந்த ஊரில் பேச வேண்டிய பாடம்.

8. முடிக்கும்போது

பனி படிந்த வில்லையைத் துணியால் துடைக்காதீர்கள், கீறல் விழும். அறைக்குள் வைத்துத் தானாக உலரவிட்டு, மறுநாள் மூடி போட்டு, சிலிக்கா ஜெல் பையோடு பெட்டியில் வையுங்கள். ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடிக்கும்.

கூட்டம் கலையும் முன் அடுத்த தேதியைச் சொல்லிவிடுங்கள். இன்று எதையும் பார்க்காத குழந்தைகளின் பெயரை எழுதிக்கொண்டு, அடுத்த முறை வரிசையை அவர்களிடமிருந்து தொடங்குங்கள்.