கனவை நினைவிற் கொள்ளும் வகை

விடியற்காலையிற் கண்ட கனவு, முகங் கழுவி முடிப்பதற்குள் மறைந்துபோவதை நாம் எல்லோரும் அறிவோம். அதனை மறவாது காத்துக்கொள்ள வழியுண்டோ என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுவது.

மஸ்கெலியாவில் இவ்வினா வெறும் பொழுதுபோக்கிற்குரியதன்று. 1969 ஆம் ஆண்டில் மவுஸ்ஸாக்கலை அணை நிறைவுற்றபோது பழைய மஸ்கெலியா நகரம் நீரில் மூழ்கியது. வறட்சிக் காலத்தில் நீர்மட்டம் தாழும்போது பழைய கோயிலின் சுவர்கள் வெளிப்படுகின்றன, பின்பு மறைகின்றன. அந்நகரின் தெருக்களில் ஓடி விளையாடிய சிறுவர் இன்று முதியோர். அத்தெரு அவர்தங் கனவில் வருமாயின், விழித்தவுடன் அதனை இரண்டாம் முறையும் இழத்தல் வேண்டுமா?

கனவு மறப்பதன் காரணத்தை முதலில் அறிதல் நன்று. 1953 இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்னும் இருவர், துயிலின் இடையிடையே மூடிய இமைக்குள் விழிகள் விரைந்து அசையும் வேளைகள் உண்டெனக் கண்டு வெளியிட்டனர். ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒரு முறை வரும் இவ்வேளை, விடியலை நெருங்க நெருங்க நீள்கிறது. டிமென்ட், கிளைட்மன் ஆகியோரது 1957 ஆம் ஆண்டு ஆய்வில், இவ்வேளையில் எழுப்பப்பட்டபோது ஐந்துக்கு நான்கு முறை கனவு நினைவிலிருந்தது. ஆகவே, “எமக்குக் கனவே வருவதில்லை” என்போருட் பெரும்பாலார் கனவு கண்டு மறந்தவரேயாவர். நினைவைப் பதிக்கத் துணைசெய்யும் நோர்அட்ரினலின் என்னும் பொருள் அவ்வேளையில் மூளையில் மிகக் குறைந்திருப்பது இம்மறதிக்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

இனிப் பயிலும் முறைகளைக் கூறுவோம்.

முதலாவது, நிறைவாகத் துயிலல் வேண்டும். துயிலைக் குறைப்பவர் இழப்பது விடியற்காலத்து நீண்ட கனவையே.

இரண்டாவது, “நாளை என் கனவை நினைவு கூர்வேன்” என்று உறுதி செய்துகொண்டு படுத்தல் வேண்டும். தலைமாட்டில் ஒரு குறிப்புப் புத்தகமும் பென்சிலும் இருக்கட்டும்.

மூன்றாவது, விழித்தவுடன் அசையாது, கண் திறவாது கிடத்தல் வேண்டும். இதுவே தலையாயது. முன்னாளில் தோட்டத்து லயங்களிற் பிரட்டுத் தப்பின் ஒலி துயின்றோரை உலுக்கி எழுப்பிற்று. இந்நாளிற் கைத்தொலைபேசி அதனைச் செய்கிறது. அன்றைய வேலையை எண்ணிய கணமே கனவு கலைந்துவிடும். ஆதலின் மணியைப் பத்து நிமிடம் முந்த வைத்து, அப்பொழுதைக் கனவுக்கென ஒதுக்குக. இறுதிக் காட்சியைப் பற்றிக்கொண்டு, “இதற்கு முன் யாது நிகழ்ந்தது?” என்று பின்னோக்கிச் செல்க. காட்சி அகப்படாவிடின், மனத்தில் எஞ்சியிருப்பது அச்சமா, மகிழ்ச்சியா, ஏக்கமா என்று நோக்குக. அவ்வுணர்ச்சியே சில வேளை காட்சியை இழுத்து வரும்.

நான்காவது, உடனே எழுதுக. ஒரு முகம், ஒரு சொல், ஒரு படிக்கட்டு என்னுமளவிற் கிடைப்பினும் தேதியிட்டு எழுதுக. தொடர்பின்மையைச் செப்பனிட முயலற்க. செப்பனிட்டது கனவன்று, கதை.

ஐந்தாவது, உற்றாரிடம் உரைக்க. சிலப்பதிகாரத்திற் கண்ணகி தான் கண்ட கனவைத் தேவந்திக்கு உரைத்தமையை நாம் வகுப்பிற் கற்றுள்ளோம். வாய்விட்டு உரைக்கும்போது விடுபட்டவை நினைவில் எழுதலுண்டு.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். கனவு கண்கூடான சான்றன்று. அது பல காலத்தையும் பல இடத்தையும் ஒன்றாகக் கலப்பது. மூழ்கிய தெருவிற் கனவு காட்டிய கடை உண்மையில் அங்கிருந்ததோ என்று அக்காலத்தவர் மற்றொருவரை உசாவித் துணிதல் வேண்டும். எனினும், அவ்வுசாவலே மறந்திருந்த பலவற்றை வெளிக்கொணரும். அச்சந்தருங் கனவுகளால் துயில் கெடுமாயின் இப்பயிற்சியை நிறுத்தி மருத்துவரை நாடுதல் தகும்.

ஒரு திங்கள் இவ்வாறு பயின்று பார்க்குமாறு அன்பர்களை வேண்டுகிறோம். வீட்டில் முதியோர் இருப்பின், காலைத் தேநீரை அவர் கையிற் கொடுக்கும்போது, “இரவு என்ன கனவு கண்டீர்கள்?” என்று வினவுக, அவர் கூறுவதை எழுதியும் வைக்க.