எஞ்சின் எண்ணெயை அளந்தறிதல்

(இளங்கலை இயற்பியல், மூன்றாம் ஆண்டு)

கோயிலாலும் பட்டாலும் புகழ்பெற்ற காஞ்சிபுரம் மாவட்டம் இன்று மோட்டார் வாகனத் தொழிலாலும் அறியப்படுகிறது. 1998-ஆம் ஆண்டு முதல் இருங்காட்டுக்கோட்டையில் கார்கள் உற்பத்தியாகி வருகின்றன. காஞ்சி நகரை அடுத்த ஓரிக்கையில் அரசுப் பேருந்துப் பணிமனை உள்ளது. சேலை வாங்க வருவோரையும் கோயில் காண வருவோரையும் ஏற்றிச் செல்லும் வாடகைக் கார்களை நம்பிப் பல குடும்பங்கள் வாழ்கின்றன. கார் ஒன்றையே முதலாகக் கொண்டு பிழைப்பவருக்கு எஞ்சின் கெட்டால் வருமானமும் நின்றுவிடும். செலவும் தலைமேல் ஏறும். அந்த இழப்பைத் தடுக்க உதவும் எளிய கருவி ஒன்று ஒவ்வொரு பானெட்டின் அடியிலும் இருக்கிறது. அதுவே டிப்ஸ்டிக் எனப்படும் எண்ணெய் அளவுகோல். 2014 வரை உற்பத்தியான அம்பாசிடர் முதல் இன்றைய கார்கள் வரை பெரும்பாலானவற்றில் இக்கோல் உண்டு. இதைச் சரியாகப் படிப்பது எப்படி என்பதை இயற்பியல் கண்கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எண்ணெயின் பணி

எஞ்சினின் அடியில் சம்ப் என்னும் தொட்டி உள்ளது. அதிலிருந்து ஆயில் பம்ப் எண்ணெயை உறிஞ்சிப் பேரிங்குகளுக்கும் பிற பாகங்களுக்கும் அனுப்புகிறது. உலோகமும் உலோகமும் நேராக உரசாதபடி எண்ணெய் ஒரு மெல்லிய படலமாக இடையில் நிற்கிறது. வெப்பத்தையும் ஓரளவு கடத்திச் செல்கிறது. எண்ணெய் மிகக் குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும், படலம் அறுபடும், பேரிங் தேயும், முடிவில் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். அளவு மிகுந்தாலும் கேடுதான். சுழலும் கிராங்க் ஷாஃப்ட் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும். நுரையில் காற்று இருப்பதால் அது போதிய அழுத்தம் தராது. ஆகவே கோலில் உள்ள இரு குறிகளுக்கு இடையே எண்ணெய் நிற்க வேண்டும்.

முன்பலகையில் ஆயில் விளக்கு இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். பெரும்பாலான கார்களில் அந்த விளக்கு காட்டுவது அழுத்தத்தை, அளவை அன்று. ஓடும்போது அது எரிந்தால் ஆபத்து நெருங்கிவிட்டது என்றே பொருள்; உடனே வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்த வேண்டும். முன்கூட்டியே எச்சரிப்பது கோல்தான்.

பிழைகள் பிறக்கும் விதம்

முதலாவது, தரையின் சரிவு. நம் ஊர்களில் காரின் ஒரு பக்கத்தைத் தார்ச்சாலையிலும் மறுபக்கத்தை மண் ஓரத்திலும் நிறுத்துவது வழக்கம். வண்டி சாய்ந்தாலும் எண்ணெயின் மேற்பரப்பு கிடைமட்டமாகவே நிற்கும். கோல் இறங்கும் இடம் தொட்டியின் நடுவிலிருந்து 15 செ.மீ. தள்ளி, சாயும் திசையில் இருப்பதாகக் கொள்வோம். 3 டிகிரி சாய்ந்தால் அங்கு மட்டம் ஏறத்தாழ 8 மி.மீ. மாறும். இரு குறிகளுக்கு இடையே 20 மி.மீ. இடைவெளி இருந்தால், அதில் ஐந்தில் இரண்டு பங்கு பிழையாகிவிடும்.

இரண்டாவது, வெப்ப விரிவு. எஞ்சின் எண்ணெய் ஒரு டிகிரி செல்சியஸுக்குப் பத்தாயிரத்தில் சுமார் 7 பங்கு விரிகிறது. 30 டிகிரியில் 4 லிட்டராக உள்ள எண்ணெய் 90 டிகிரியில் ஏறத்தாழ 170 மில்லிலிட்டர் கூடுதல் இடத்தை அடைக்கும்.

மூன்றாவது, பாகுநிலை. எஞ்சினை நிறுத்தியவுடன் எண்ணெயின் ஒரு பகுதி மேற்பாகங்களிலேயே தங்கியிருக்கும். மெல்ல மெல்லத்தான் வடியும். அவசரப்பட்டு அளந்தால் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். அதை நம்பி எண்ணெய் ஊற்றுவோர் அளவை மீறிவிடுகின்றனர்.

நான்காவது, குழாயில் ஒட்டிய எண்ணெய். கோலை உருவும்போது குழாயின் சுவரில் ஒட்டியுள்ள எண்ணெய் அதன் ஒரு பக்கத்தில் தீற்றிவிடும். ஒரு பக்கம் உயரமாகவும் மறுபக்கம் தாழ்வாகவும் தெரிந்தால், தாழ்ந்த கோட்டையே கொள்ள வேண்டும்.

அளக்கும் முறை

1. காரைச் சமதளத்தில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, எஞ்சினை அணைக்கவும்.

2. 5 முதல் 10 நிமிடம் காத்திருக்கவும். சில கார்களுக்குக் குளிர்ந்த நிலையிலும், சிலவற்றுக்குச் சூடான நிலையிலும் அளக்குமாறு கையேடு கூறும், அதையே பின்பற்றவும்.

3. கோலை உருவி, பழைய வேட்டித் துணி போன்ற நூல் உதிராத துணியால் துடைக்கவும். இந்த முதல் அளவை நம்பக் கூடாது.

4. கோலை அடிவரை செருகி, மீண்டும் நேராக உருவவும். நுனி கீழ்நோக்கியே இருக்கட்டும். மேலே தூக்கினால் எண்ணெய் கைப்பிடிப் பக்கம் வழிந்து கோடு அழியும்.

5. இரு பக்கமும் பார்க்கவும். புதிய எண்ணெய் நிறமற்றதுபோல் இருப்பதால் கோலை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். ஐயமிருந்தால் துடைத்து மறுபடியும் அளக்கவும்.

6. குறைவாயின் கால் லிட்டர் அளவில் ஊற்றி, சிறிது பொறுத்து, மீண்டும் அளக்கவும். பல கார்களில் இரு குறிகளுக்கு இடைப்பட்டது சுமார் 1 லிட்டரே.

எண்ணெயின் நிறத்தையும் கவனித்தல் நலம். பால் கலந்த காப்பி போலிருந்தால் தண்ணீர் கலந்திருக்கலாம். ஊற்றாமலே மட்டம் உயர்ந்தால் எரிபொருளோ தண்ணீரோ கலந்திருக்கலாம். இரண்டுக்கும் மெக்கானிக்கின் உதவி தேவை.

அளவின் இலக்கணம்

நம் பகுதி நெசவாளர் இதன் தத்துவத்தை எளிதில் உணர்வர். பட்டு ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. முற்றிலும் உலர்ந்த நிலையில் 1000 கிராம் உள்ள பட்டு, வாணிகத்தில் ஏற்கப்பட்ட 11 விழுக்காடு ஈரத்துடன் 1110 கிராம் நிற்கும். தராசு பொய் சொல்லவில்லை. பட்டு இருந்த நிலைதான் மாறியது. எண்ணெய்க் கோலும் அப்படியே. அதில் குறிகளைப் பொறித்தவர் ஒரு நிலையை மனத்தில் கொண்டே பொறித்தார். அந்நிலையை நாம் மீண்டும் உண்டாக்கினால்தான் அக்குறிகள் நமக்கு உண்மை கூறும்.

எனவே ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே முறையில் வாரம் ஒருமுறை அளந்து ஒரு குறிப்பேட்டில் எழுதி வருதல் சிறந்தது. ஒரு நாளின் அளவு நிலையைக் காட்டும். பல வாரங்களின் அளவுகள் எஞ்சின் எண்ணெய் குடிக்கிறதா என்பதைக் காட்டும். சில புதிய கார்களில் கோலே இல்லை. மின்னணு உணர்கருவி அப்பணியைச் செய்கிறது. அதற்கும் சமதளமும் காத்திருப்பும் தேவையே. ஆய்வகத்தில் நாம் பயிலும் பொறுமை அங்கேயே நின்றுவிடாமல், உழைத்து வாழ்வோரின் வண்டிக்கும் பயன்படுமாயின் கற்ற கல்வி பொருளுடையதாகும்.