சாவை விழையும் மனத்துள் வாழ விழையும் உயிர்

இன்பத்தை நாடுதல் எல்லா உயிர்க்கும் இயல்பெனத் தொல்காப்பியர் பொருளியலில் கூறுவார். அவ்வாறாயின், தன்னுயிரைத் தானே வெறுக்கும் மனிதனிடம் அவ்வியல்பு எங்கே போயிற்று? போகவில்லை என்பதே நம் கருத்து. தற்கொலை எண்ணத்தோடு போராடுபவர் பெரும்பாலும் நாடுவது துன்பத்தின் முடிவையே. வாழும் வேட்கை அவருள் அடங்கிக் கிடக்கிறதேயன்றி அழிந்துவிடவில்லை.

நம் பேச்சுத் தமிழே இதற்குச் சான்று பகரும். ‘செத்துப்போகலாம் போலிருக்கிறது’ என்றுதான் துயருற்றவர் பலரும் சொல்கின்றனர். அந்தப் ‘போல்’ என்னும் சொல்லில் உள்ளம் இன்னும் இருபுறமும் ஊசலாடுவது தெரிகிறது. அஃது உதவி கேட்கும் குரல்; விளையாட்டெனத் தள்ளத்தக்கதன்று. நாமோ ‘வாயைக் கழுவு’ என்று அதட்டிவிடுகிறோம். பேச வந்தவர் அத்தோடு அடங்கிவிடுகிறார்.

அமெரிக்க ஆய்வாளர் ரிச்சர்ட் சைடன் 1978-இல் வெளியிட்ட ஆய்வொன்று ஈண்டுக் கருதத்தக்கது. சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்துக்கு 1937 முதல் 1971 வரை உயிர்துறக்கும் எண்ணத்தோடு வந்து, பிறரால் தடுக்கப்பட்ட 515 பேரின் பிற்கால வாழ்வை அவர் ஆராய்ந்தார். அவர்களுள் ஏறத்தாழ நூற்றுக்குத் 94 பேர் அப்போது உயிரோடிருந்தனர். அல்லது இயற்கை மரணம் எய்தியிருந்தனர். ‘இன்று தடுத்தால் நாளை செய்வார்’ என்னும் பேச்சு இதனால் தகர்கிறது. அக்கொடிய வேளை ஓர் அலை. அது தாழும்வரை பக்கத்தில் ஒருவர் இருந்தால் உள்ளே கிடந்த வேட்கை தலைதூக்கும்.

அருள்மறையின் ‘மர்யம்’ அத்தியாயத்தில் 23 முதல் 26 வரையுள்ள வசனங்களை இந்நோக்கில் மீண்டும் படித்தல் வேண்டும். பேறுகால வேதனையில், பேரீச்ச மரத்தடியில், தனியராய் இருந்த அன்னை மர்யம் (அலை) இதற்கு முன்பே இறந்திருக்கலாகாதா என ஏங்குகிறார். உடல்நோவு ஒருபுறம், ஊர்ப்பழியின் அச்சம் மறுபுறம். அவ்வேளையில் எழுந்த குரல் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. ஈமானில் குறை காணவுமில்லை. கவலை வேண்டா என்கிறது. கீழே ஓடும் நீரைக் காட்டுகிறது. மரத்தைக் குலுக்கினால் கனி உதிரும், உண்டு பருகி மனங்குளிர்க என்கிறது. ஊராருக்கு விளக்கம் சொல்லும் சுமையையும் அன்று இறக்கி வைக்கிறது. சோர்ந்த அக்கைகளுக்கு மரத்தைக் குலுக்கும் சிறு செயலொன்றை விட்டுவைத்திருப்பதில்தான் எத்துணை நுட்பம்!

தம்மைத் தாமே மாய்த்துக்கொள்ளலாகாது எனத் தடுக்கும் ‘அந்நிஸா’ 29-ஆம் வசனமும் இறைவனின் இரக்கத்தைச் சொல்லியே முடிகிறது. விலக்கை மட்டும் எடுத்து மிரட்டி, இரக்கத்தை விட்டுவிடுதல் பெரியோர்க்கு முறையன்று. ‘ஹராம்’ என்ற ஒரு சொல்லால் வாயடைத்தால் எண்ணம் ஒழிவதில்லை, ஒளிந்துகொள்கிறது.

மாணவரைப் பொறுத்தவரை, தேர்வு முடிவு வெளியாகும் நாள்கள் தனிக்கவனத்துக்குரியன. வியன்னாவில் விக்டர் ஃபிராங்கல் மருத்துவ மாணவராக இருந்தபோதே, 1928 முதல் 1930 வரை, பள்ளி மாணவர்க்குக் கட்டணமின்றி ஆலோசனை வழங்க ஏற்பாடு செய்தார். மதிப்பெண் அறிக்கை வழங்கப்படும் காலத்தில் அம்முயற்சி மேலும் தீவிரமாயிற்று. தமிழ்நாட்டில் தவறிய பாடத்தை ஓராண்டு காத்திராமல் அவ்வாண்டே எழுதத் துணைத்தேர்வு வந்ததும் இவ்வகையில் ஓர் உயிர்காப்பே எனலாம். காலம் கிடைத்தாலே பாதித் துயர் தீரும்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்துக்கு ஆளானவராகக் கருதி, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பதை அரசின் கடமையாக்கியது. சட்டமே இரங்கியபின் சமுதாயம் தூற்றுவது தகுமோ?

‘சாக வேண்டுமென்ற எண்ணம் வருகிறதா?’ என நேராகக் கேட்பதால் இல்லாத எண்ணம் புகுந்துவிடாது; கேட்கப்பட்டவர் பெரும்பாலும் ஆறுதலே அடைகிறார். கேட்டபின் அறிவுரையைக் குறைத்துச் செவியைக் கொடுக்க வேண்டும். இடர் மிகுந்த வேளையில் அவரைத் தனியே விடாது மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். சென்னையில் 1986-இல் தொடங்கப்பெற்ற ‘சினேகா’ இப்பணியைச் செய்துவருகிறது. 2022-இல் நடுவண் அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே அழைக்கலாம். விடுதி அறிவிப்புப் பலகையில் தேர்வுக் கால அட்டவணைக்குப் பக்கத்திலேயே இவ்வெண்ணை எழுதிவைத்தல் நலம்.