கால்நடை மருத்துவம்: கைத்திறன் உள்ளவருக்குக் கதவுகள் பல

இன்டரில் பைபிசி எடுத்த பிள்ளையிடம் மல்காஜ்கிரி பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் எதிர்பார்ப்பது எம்.பி.பி.எஸ். அது கிடைக்காவிட்டால்தான் கால்நடை மருத்துவம் என்ற பேச்சே எழுகிறது. இந்த வரிசையை மாற்ற வேண்டும். இந்தப் படிப்புக்கு ஹைதராபாத் அளவுக்கு வாய்ப்புகள் குவிந்த நகரங்கள் குறைவு.

படிப்பும் பதிவும்

கால்நடை மருத்துவப் பட்டமான பி.வி.எஸ்சி. அண்ட் ஏ.எச். ஐந்தரை ஆண்டுப் படிப்பு. கடைசி ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சி. ராஜேந்திர நகரில் 2014-இல் தொடங்கிய பி.வி.நரசிம்ம ராவ் தெலங்கானா கால்நடைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அரசுக் கல்லூரிகளின் 15 சதவீத அகில இந்திய இடங்களுக்கு நீட் மதிப்பெண் வேண்டும். படித்து முடித்ததும் மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு இல்லாமல் மருத்துவம் பார்க்க முடியாது.

எந்த வழி, என்ன திறன்?

செல்லப்பிராணி மருத்துவமனை: மயக்க மருந்து, ஸ்கேன், பல் சிகிச்சை, தையல். தெருநாய்க் கருத்தடை அறுவையில் கை பழகியவருக்கு இங்கே நல்ல மதிப்பு உண்டு.

அரசுப் பணி: சினைப் பரிசோதனை, கடினமான கன்று ஈனல், கோமாரித் தடுப்பூசி. 1962 என்ற எண்ணில் அழைத்தால் வீட்டு வாசலுக்கே வரும் நடமாடும் மருத்துவ வண்டிகளிலும் வேலை உண்டு.

கோழிப்பண்ணை: செத்த கோழியை அறுத்துப் பார்த்து நோயைக் கண்டறிந்து, மொத்தப் பண்ணையையும் காப்பாற்றும் வேலை. தீவனக் கணக்கும் தெரிய வேண்டும்.

தடுப்பூசி, ஆய்வு: கச்சிபவுலியில் இந்தியன் இம்யூனாலஜிக்கல்ஸ், ஷாமீர்பேட்டை ஒட்டிய ஜீனோம் வேலியில் தடுப்பூசி நிறுவனங்களும் ஆய்வக விலங்கு மையமும். எம்.வி.எஸ்சி.யில் நுண்ணுயிரியல், நோய்க்குறியியல் படித்தவர்கள் இங்கே முன்னேறலாம்.

இறைச்சி, உணவுப் பாதுகாப்பு: மல்காஜ்கிரிக்குக் கிழக்கே செங்கிச்செர்லாவில் தேசிய இறைச்சி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு அலுவலர் பணிக்கும் கால்நடை மருத்துவப் பட்டம் தகுதியே.

ராணுவம்: ரிமவுன்ட் வெட்டரினரி கோரில் குறுகிய காலப் பணிக்குத் தேர்வானால் கேப்டனாகவே சேரலாம்.

பயிற்சி ஆண்டை வீணாக்காதீர்கள்

வேலை தருபவர் பார்ப்பது கைத்திறனை. எத்தனை அறுவைகளில் துணை நின்றீர்கள், எத்தனை மாடுகளைக் கைவிட்டுச் சோதித்தீர்கள் என்று நோட்டில் எழுதி வையுங்கள். நேர்காணலில் அதுவே பேசும். விடுமுறை நாட்களில் ஒரு தனியார் மருத்துவமனை, ஒரு பண்ணை இரண்டையும் பார்த்துவிட்டு வழியைத் தேர்ந்தெடுங்கள்.

தெலுங்கும் தக்கனி இந்தியும் சரளமாக வர வேண்டும். மாடு எப்போதிலிருந்து தீவனம் எடுக்கவில்லை, சாணம் எப்படிப் போகிறது என்று வளர்ப்பவரிடம் கேட்டு வாங்கினால்தான் நோய் பிடிபடும். செலவை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லப் பழகுங்கள். பிழைக்காது என்றால் அதையும் கனிவோடு சொல்லுங்கள்.

பாதுகாப்பில் சமரசம் கூடாது. வெறிநாய்க்கடித் தடுப்பூசியை முன்னதாகவே போட்டுக்கொள்ளுங்கள். கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் தொட்டால் புருசெல்லோசிஸ் உங்களுக்கும் தொற்றலாம், கையுறை கட்டாயம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை: விலங்குகளிடம் பொறுமையும் அறிவியலில் ஆர்வமும் உள்ள பிள்ளையென்றால், இந்தப் படிப்பை விருப்பப் பட்டியலின் முதல் வரியிலேயே எழுதச் சொல்லுங்கள்.